பாலாற்றுக்குக் கரை எந்தப் பக்கம்?

வேலூர்க்காரர்களிடம் பாலாற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது அந்தப் பழைய கிண்டல்தான். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை, தண்ணீர் இல்லாத ஆறு. கோயிலுக்கு 1981இல் சாமி வந்துவிட்டது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு விசித்திரமான பெருமை. கல்யாண வீட்டுப் பந்தியில் வெளியூர்க்காரர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், சாம்பார் வருவதற்குள் இது வந்துவிடும். எனக்கும் அது வெறும் சிரிப்பாகத்தான் இருந்தது, போன வருஷம் என் அக்கா மகன் ஒரு விவகாரத்தைக் கிளப்பிவிடும்வரை.

அவனுக்கு ஜெர்மனியில் மூனிக்கில் வேலை. கோடை விடுமுறையில் மனைவியோடு டான்யூப் நதிக்கரையில் பாஸாவிலிருந்து வியன்னா வரை சைக்கிளில் போனான். முன்னூறு கிலோமீட்டருக்கு மேல். நதியை ஒட்டியே பாதை. நதி குதிரை லாடம்போல் வளைந்து திரும்பும் ஷ்லோகன், லின்ஸ் நகரம், மெல்க் மடாலயம், வாஹாவ் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்கள், இங்கிலாந்து ராஜா ரிச்சர்டைச் சிறை வைத்த ட்யூர்ன்ஸ்டைன் கோட்டை என்று படம் படமாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது. அக்கரைக்குப் போகச் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும் படகு, கால் வலித்தால் சைக்கிளோடு ஏறிக்கொள்ள ரயில். கடைசிப் படத்துக்குக் கீழே எழுதினான்: "மாமா, நம்ம பாலாத்தங்கரையிலயும் விரிஞ்சிபுரம், வேலூர், ஆற்காடு, வாலாஜான்னு வரிசையா பழைய ஊருங்க இருக்கே. இப்படி ஒரு பாதை போட்டா என்ன?" அதற்கு என் சித்தப்பா ஒரே வரியில் பதில் போட்டார்: "மொதல்ல ஆத்துல தண்ணி வுடச் சொல்லு நைனா, பாத அப்பறம் போட்டுக்கலாம்." கீழே இருபது பேர் சிரிப்பு பொம்மை போட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையன் சொன்ன வரிசை சரிதானே என்று தோன்றியது. வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம், வேலூர், மேல்விஷாரம், ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜாப்பேட்டை, காவேரிப்பாக்கம் என்று இரண்டு பக்கமும் ஊர்கள். நந்தி மலையில் கிளம்பி வயலூரில் கடலில் சேரும்வரை பாலாற்றின் நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது. பல்லவர், சோழர், சம்புவராயர், நாயக்கர், நவாப், கும்பினி என்று இந்தப் பக்கம் ஆள வந்தவர்கள் எல்லாரும் இந்த ஆற்றை ஒட்டித்தான் உட்கார்ந்தார்கள். தண்ணீர் இல்லாத ஆற்றுக்குப் பக்கத்தில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் யாராவது குடியிருப்பார்களா? அத்தனை பேரும் ஏமாளிகளா? ஆந்திரத் தடுப்பணை, மணல் கொள்ளை, தோல் கழிவு என்று இன்றைய காரணங்களை எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒப்பிக்கும். அவை எல்லாம் நிஜம். ஆனால் அந்தக் கிண்டல் தடுப்பணைக்கும் லாரிக்கும் முந்தியது. என் தாத்தாவே சொல்லுவார். அப்படியானால் அவர் காலத்திலும் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் தெரிந்திருக்கிறது. பிறகு எதைக் குடித்து, எதைப் பாய்ச்சி இந்த ஊர்கள் வளர்ந்தன?

பொங்கலுக்கு அவன் ஊருக்கு வந்தான். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து முடித்திருந்தது. "வாயால பேசிக்கிட்டிருக்கிறதவிட ஒரு தடவ போயே பாத்துடலாம் மாமா" என்றான். காட்பாடியில் ஒரு சிநேகிதரிடம் கியர் சைக்கிள் ஒன்று இரவல் வாங்கினோம். இன்னொன்று என் பழைய சைக்கிள், பிரேக் கட்டை மட்டும் மாற்றியது.

வழித்துணை

விரிஞ்சிபுரத்தில் தொடங்கலாம் என்பது என் யோசனை. திருவிரிஞ்சை மதிலழகு என்று பெயர் வாங்கிய கோயில். சாமிக்கு மார்க்கபந்தீசுவரர், வழித்துணைநாதர் என்று பெயர். சைக்கிளை எடுக்கும்முன் கும்பிட இதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. மதிலைச் சுற்றி வந்தோம். உள்ளே அரை வட்டமாக எண் செதுக்கிய கல் ஒன்று இருக்கிறது. மேலே ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் கோட்டில் மணி பார்க்கலாம். மருமகன் குச்சி தேடிக்கொண்டிருந்தபோது நான் சிம்மக்குளத்தைப் பார்க்கப் போய்விட்டேன். கார்த்திகைக் கடை ஞாயிறு அன்று பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் அந்தச் சிங்க வாய்க்குள் இறங்கிக் குளிக்கிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, மற்ற நாளில் அந்த இடம் இத்தனை சின்னதா என்று இருக்கும்.

கோயிலுக்கு வடக்கே ஆறு. நல்ல அகலம். நடுவில் ஒரு பக்கமாகக் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, மிச்சம் மணலும் கோரையும் வேலிகாத்தானும். 2021 நவம்பரில் இதே ஆறு இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு வந்து தரைப்பாலங்களைப் பிய்த்துப்போட்டது. வாணியம்பாடியில் வயதானவர்கள் இன்னமும் 1903 வெள்ளத்தைத் தங்கள் தாத்தா சொன்னதாகச் சொல்லுவார்கள். வந்தால் அப்படி வரும், வராவிட்டால் இப்படி. டான்யூபுக்கு ஆல்ப்ஸ் மலைப் பனி உருகி வருஷம் முழுக்கத் தண்ணீர் தருகிறது. நந்தி மலையில் உருக என்ன இருக்கிறது?

கரையோரமாகவே வேலூர் போய்விடலாம் என்று பையன் போனில் கோடு போட்டு வைத்திருந்தான். வரைபடத்தில் ஆறு அழகான நீல நிறம். நேரில், கரை என்று ஒன்று தொடர்ந்து கிடையாது. தென்னந்தோப்பு ஒன்று தண்ணீர் வரை வந்து கம்பி வேலியோடு நிற்கும். அதைச் சுற்றிக்கொண்டு போனால் லாரி போய்ப் போய் உண்டான தடம் ஒன்று கிடைக்கும். சந்தோஷப்பட்டுக்கொண்டே மிதித்தால் அது ஆற்றுக்குள் இறங்கி ஆள் உயரப் பள்ளம் ஒன்றில் முடியும். மணலில் டயர் புதைந்தது. இறங்கித் தள்ளினோம். தள்ளுவதுதான் சரி என்று வேலிகாத்தான் முள்ளும் முடிவு செய்தது. அவனுடைய முன் டயர், கொஞ்ச தூரத்தில் என் பின் டயர். ஊருக்குள் வந்து பஞ்சர் கடையைக் கண்டுபிடித்தபோது, கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே கேட்டார்: "ரோடுதான் கீதே சார், ஆத்துக்குள்ள இன்னாத்துக்குப் போனீங்க?" பையன் டான்யூப் கதையைச் சொன்னான். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அது தண்ணி கீற ஆறு" என்றார்.

வழியில் ஒரு கிராமத்தில் காளை விடும் திருவிழா. தெரு நெடுக இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டை கட்டி அடைத்திருந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் மாட்டைப் பிடிப்பதில்லை, ஓடவிட்டு நேரம் பார்ப்பார்கள். ஒவ்வொரு காளையாக வந்து போகும்வரை சைக்கிளோடு ஒரு திண்ணையில் ஏறி நின்றோம். ஆஸ்திரியாவில் இந்த மாதிரித் தடங்கல் வராது என்று அவனே ஒப்புக்கொண்டான். அன்றைக்கு அவன் எடுத்ததில் நல்ல படங்கள் எல்லாம் அங்கே எடுத்தவைதான்.

வேலூரை நெருங்க நெருங்க எழுத ஒன்றும் இல்லை. சாக்கடை ஆற்றில் விழுகிற இடங்கள், கோழிக்கழிவு மூட்டைகள், எரிகிற குப்பையின் புகை. கோட்டைக்குள் போய் அகழியோரம் உட்கார்ந்து கடலை தின்றுவிட்டு அன்றைக்கு வீடு திரும்பினோம். வேலூருக்கு வருகிறவர்கள் கோட்டை பார்க்கிறார்கள், சிஎம்சி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், ஸ்ரீபுரம் தங்கக் கோயில் போகிறார்கள். ஆற்றை காட்பாடிப் பாலத்தில் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்கள். உள்ளூர்க்காரர்களான எங்கள் பழக்கமும் அதேதான்.

முதுகு காட்டும் ஊர்கள்

வேலூரிலிருந்து ஆற்காடு சுமார் 25 கிலோமீட்டர். சத்துவாச்சாரி, பெருமுகை, மேல்விஷாரம் என்று பெங்களூர் நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில்தான் போயாக வேண்டும். இந்த வழிக்கு ஒரு பழைய சவாரிக் கதை உண்டு. 1806 ஜூலை 10 விடியற்காலையில் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் கும்பினிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, வெளியே இருந்த ஆங்கில அதிகாரி ஒருவர் ஆற்காட்டுக்குக் குதிரையில் சேதி அனுப்ப ஏற்பாடு செய்தார். அங்கே குதிரைப்படைக்குத் தலைமை வகித்த கில்லெஸ்பி உடனே கிளம்பிக் காலையிலேயே கோட்டை வாசலுக்கு வந்துவிட்டார். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துபோனது. சேதி அரை நாள் தாமதமாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வேலூர்க்காரன் ஒவ்வொருவனும் சின்ன வயதில் ஒருமுறையாவது யோசித்திருப்பான். நாங்கள் கில்லெஸ்பியின் வேகத்தின் பக்கத்தில்கூடப் போகவில்லை. அதுவும் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே உரசிப் போகும்போது.

ஆற்காட்டில் ஆறு திரும்பக் கண்ணில் பட்டது. டெல்லி கேட் ஆற்றை ஒட்டியே நிற்கிறது. நவாபுகளின் தலைநகரத்தில் கோட்டை என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியது ஏறக்குறைய இந்த வாசல்தான். 1751இல் ராபர்ட் கிளைவ் ஐந்நூறு பேரை வைத்துக்கொண்டு இந்த ஊர்க் கோட்டைக்குள் 50 நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்தார். 1780இல் ஹைதர் அலி ஊரைப் பிடித்தார். வாசலின் மேல் ஏறிப் பார்த்தால் ஆறு, பாலம், எதிரே ராணிப்பேட்டை எல்லாம் தெரியும். அக்கரையில் செஞ்சி ராஜா தேசிங்குக்கும் அவன் ராணிக்கும் நினைவு மண்டபங்கள். 1714இல் தேசிங்கைப் போரில் கொன்ற நவாப் சாததுல்லா கான், தீயில் இறங்கிய ராணியின் பெயரில் ஒரு பேட்டையையே உண்டாக்கினார். எதிரியின் மனைவிக்கு ஊர் கட்டுகிற குணத்தை என்னவென்று சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மண்டபத்தைச் சுற்றிக் கிடந்த பாட்டில்களைப் பற்றியும் அப்படித்தான்.

மக்கன் பேடா வாங்கிக்கொண்டு பாலத்து நிழலில் உட்கார்ந்தபோது பையன் ஒன்று சொன்னான். "மாமா, அங்க எல்லா ஊரும் ஆத்தப் பாத்துக்கிட்டு நிக்கும். சர்ச்சு, சந்தை, பெரிய வீடுங்க எல்லாம் ஆத்துப் பக்கம். இங்க எல்லா ஊரும் முதுகு காட்டுது." பார்த்தால் அப்படித்தான் இருந்தது. ஆற்றைப் பார்த்த பக்கத்தில் மாட்டுத் தொழுவம், சுடுகாடு, தோல் ஷெட், கழிவு வாய்க்கால். அசிங்கமானதை எல்லாம் கொண்டுபோய்த் தள்ளுகிற கொல்லைப்புறம். ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் கழிவு செய்த வேலைக்காக உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டிலேயே தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்துக்குள் கொண்டுவந்த வழக்குகளில் அது முக்கியமானது. சட்டக் கல்லூரிகளில் வேலூர் என்ற பேர் அந்த வழக்கால்தான் தெரியும். அதே ஆற்றுக்காக, அதே விஷயத்தை 2025 ஜனவரியில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிப்போன குரோமேட் ஆலை ஒன்றின் வளாகத்தில் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிந்து கிடந்த கதை எல்லாருக்கும் தெரியும். அழகான நதிக்கரைச் சுற்றுலா என்று விளம்பரம் போடுகிறவர்கள் எந்தப் பக்கம் கேமராவைத் திருப்புவார்கள்?

அப்புறம் அவன் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான். அதுதான் எனக்குள் மாட்டிக்கொண்டது. டான்யூப் சைக்கிள் பாதையை அழகு பார்க்க யாரும் வெட்டவில்லையாம். நீராவி வருவதற்கு முன்னால், சரக்குப் படகுகளை ஓட்டத்துக்கு எதிராக மேலே கொண்டுபோகக் குதிரைகளைக் கட்டிக் கரையோரமாக இழுத்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள். அந்தக் குதிரைத் தடம்தான் பெரும்பகுதி இன்றைக்குச் சைக்கிள் பாதை. வேலை செய்தவர்கள் போட்டுவிட்டுப் போன தடத்தில்தான் இவன் திராட்சைத் தோட்டம் பார்த்துக்கொண்டு போயிருக்கிறான். நம் ஆற்றில் படகு போனதில்லை, அதனால் அந்த மாதிரித் தடமும் இல்லை. அப்படியானால் பாலாற்றில் வேலை செய்தவர்கள் எங்கே நடந்தார்கள்?

லஸ்கர் சொன்னது

வாலாஜாப்பேட்டைக்கு நாங்கள் போனது முதல் நகராட்சி, முதல் ரயில் என்ற பெருமைகளைப் பார்க்க. 1866இல் நகராட்சியான ஊர். 1856இல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில் வந்து நின்றது வாலாஜா ரோட்டில். அதையெல்லாம் பார்த்து முடித்தபின், நேரம் இருக்கிறதே என்று பாலாறு அணைக்கட்டுப் பக்கம் திரும்பினோம். திட்டத்தில் இல்லாத இடம்.

1858இல் கட்டிய அணை. உயரம் ஒன்றும் இல்லை, நீளம்தான். எண்ணூறு மீட்டர் அளவுக்கு ஆற்றின் குறுக்கே கல் படுத்துக் கிடக்கிறது. அதன்மேல் மெல்லிய தகடாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சித்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் பொன்னை ஆறு இதற்குச் சற்று மேலேதான் பாலாற்றில் சேருகிறது. ஆக, இங்கே வருகிற தண்ணீரில் அதன் பங்கு பெரிது. பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். ஓரத்தில் மதகுப் பலகைகளுக்கு மேலே லஸ்கர் ஒருவர், அதாவது மதகைத் திறந்து மூடுகிற ஆள், உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். பக்கத்தில் அவருடைய டிவிஎஸ் ஃபிப்டி. நான்தான் பேச்சுக் கொடுத்தேன். ஆற்றோரமாகவே காஞ்சிபுரம் வரை சைக்கிளில் போக வழி உண்டா என்று கேட்டேன். அவர் அணைக்குக் கீழே கையைக் காட்டினார். வழிந்த தண்ணீர் பாறையில் சிதறி, கொஞ்ச தூரம் ஓடி, மணலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"அது மிச்சம் சார்" என்றார். "ஆறு இப்டிப் போவுது." பீடி பிடித்த கை மதகுப் பக்கம் திரும்பியது.

மதகின் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். கால்வாயில் கரை முட்டத் தண்ணீர். பழுப்பாக, வேகமாக, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் விரிஞ்சிபுரத்திலிருந்து தேடிக்கொண்டு வந்ததில் இவ்வளவு தண்ணீரை எங்கேயும் பார்க்கவில்லை. அவர் விரல் விட்டுச் சொன்னார். வடக்குக் கரையில் காவேரிப்பாக்கம் கால்வாய், மகேந்திரவாடிக் கால்வாய். தெற்கே சக்கரமல்லூர்க் கால்வாய், தூசிக் கால்வாய். இந்த நாலும் போய்ச் சேருகிற ஏரிகள் முன்னூறுக்கு மேல். ஒன்று நிறைந்து கோடி போனால் அடுத்ததுக்கு, அது கோடி போனால் அதற்கடுத்ததுக்கு. எல்லா ஏரியும் வாங்கினபிறகுதான் அணைமேல் வழியவிடுவது. "ஆத்துல தண்ணி நின்னா எங்களுக்குத் திட்டு வுழும் சார். ஏரிக்குத் திருப்பாம இன்னாடா பண்றீங்கன்னு கேப்பாங்க."

பையன் கேட்டான்: "கால்வாய்க் கரையில சைக்கிள் போவுமாண்ணா?"

"நான் டெய்லி வண்டில போறேனே."

எங்களை இரண்டு நாளாக (பஞ்சரையும் சேர்த்து) படுத்திய விஷயம் அங்கே அவிழ்ந்தது. இந்த ஆற்றில் தண்ணீர் தெரியாமல் இருப்பது பாதிக்குமேல் இந்த ஊர்க்காரர்களின் வேலை. ஆற்றின் நடுவே தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கும் இங்கே வசதி இருந்ததில்லை. மழை பெய்கிற மூன்று மாதத்துக்குள் வருகிறதை வளைத்துத் திருப்பி, நிலத்தில் கொண்டுபோய் வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளம் வடிந்தபிறகும் விடுவதில்லை. மணலுக்குள் ஊற்றுக்கால் வெட்டி, அடியில் கசிகிறதையும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஆறு மணலாகக் கிடக்கிறது என்றால் ஏரி நிறைந்திருக்கிறது என்று அர்த்தமாகிற காலம் ஒன்று இருந்திருக்கிறது. இன்றைக்கு மணலும் போய், ஊற்றும் போய், பல ஊர்களில் ஏரியும் காய்ந்து கிடக்கிறது. அதையும் இதையும் ஒன்றாக்கி "தண்ணீர் இல்லாத ஆறு" என்று சிரிப்பதுதான் எனக்கு உறுத்தியிருக்கிறது. முன்னது சாமர்த்தியம். பின்னது நம் காலத்தின் அநியாயம்.

ஏரிக்கரைமேல்

அடுத்த தடவை அணையிலிருந்தே தொடங்கினோம். கால்வாய்க் கரை, லஸ்கர் சொன்ன மாதிரியே, வண்டி போகிற அளவுக்கு இருந்தது. எல்லா இடத்திலும் இல்லை. சில இடத்தில் கரை உடைந்து மூட்டை அடுக்கியிருந்தார்கள், சில இடத்தில் யாரோ வைக்கோல் போரைக் கரைமேலேயே போட்டிருந்தார்கள், வேலிகாத்தான் இங்கேயும் விடவில்லை. ஆனால் கூடவே தண்ணீர் வந்தது. சைக்கிள் வேகத்துக்குக் கொஞ்சம் குறைவாக, இடது பக்கமும் வலது பக்கமும் மாறி மாறி. நாற்று நட்டு முடித்த வயல், துணி துவைக்கிற கல், மாடு குளிப்பாட்டுகிறவர்கள், பம்ப்செட், நாவல் மரம். முக்கியமாக, ஊர்கள் கால்வாய்க்கு முதுகு காட்டவில்லை. மாரியம்மன் கோயில் கால்வாயைப் பார்த்துத்தான் இருந்தது. டீக்கடை பெஞ்சும் அப்படியே. பையன் அதைக் கவனித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

காவேரிப்பாக்கம் ஏரியைச் சென்னைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். உயரமான ஒரு மண் மேடு, அவ்வளவுதான் தெரியும். மேலே ஏறினால் ஏறக்குறைய 4000 ஏக்கர் தண்ணீர். மூன்றாம் நந்திவர்மன் காலத்து ஏரி என்பார்கள். ஊரின் பழைய பெயரே அவனுடைய பட்டப்பெயரில் அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம். ஒன்பதாம் நூற்றாண்டு. கரை எட்டு கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து போகிறது. ஒரு பக்கம் அலை அடிக்கிறது, இன்னொரு பக்கம் கீழே நெல். எதிர்க்காற்று முகத்தில் அறைய, அந்தக் கரைமேல் மிதித்ததைப் பற்றி வர்ணனை செய்ய எனக்குத் தெரியவில்லை. டான்யூப் பார்த்தவன் கூட வந்தான், அவன் மூன்று இடத்தில் சைக்கிளை நிறுத்தினான், படம் எடுக்கவும் மறந்து நின்றான். அதைவிட நான் என்ன சொல்வது.

சரித்திரமும் இங்கே வேறு மாதிரி படித்தது. 1752 பிப்ரவரியில் இந்த ஊரில் கிளைவுக்கும் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்திருந்த ராஜா சாகிபுக்கும் சண்டை. பிரெஞ்சு பீரங்கிகள் மாந்தோப்புக்குள் மறைந்திருக்க, கிளைவின் ஆட்கள் ஒரு நீர்க்காலுக்குள் இறங்கி ஒதுங்கித்தான் தப்பித்தார்கள். பாடப் புத்தகத்தில் அந்த மாந்தோப்பும் நீர்க்காலும் பேருக்கு வந்து போகும். கரைமேல் நின்றால், மாந்தோப்புக்கும் வாய்க்காலுக்கும் காரணமான ஏரிதான் முதலில் தெரிகிறது. மகேந்திரவாடியில் இது இன்னும் பச்சையாக இருக்கிறது. ஒற்றைப் பாறையைக் குடைந்து மகேந்திரவர்மன் எடுத்த விஷ்ணு கோயில் அங்கே உண்டு. ஏழாம் நூற்றாண்டுக் கல்வெட்டு அந்தக் கோயிலுக்கு விலாசம் சொல்லும்போது, மகேந்திரபுரத்தில் மகேந்திர தடாகத்தின் கரையில் என்கிறது. ராஜா தன் பெயரை ஊருக்கும் ஏரிக்கும் கோயிலுக்கும் சேர்த்தே வைத்துக்கொண்டான். அந்த ஏரிக்கு இன்றைக்கும் பாலாற்றுத் தண்ணீர் அணைக்கட்டுக் கால்வாயில்தான் போகிறது.

இப்போது மருமகனுக்கும் எனக்கும் சண்டை வேறு இடத்துக்கு மாறியிருக்கிறது. கால்வாய்க் கரைக்குத் தார் போட்டு, கைப்பிடி வைத்து, ஊருக்கு ஊர் பலகை நட்டு, "பாலாறு சைக்கிள் வழி" என்று பெயர் வைக்க வேண்டும் என்கிறான் அவன். மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறான், படங்களோடு. எனக்கு அதில் பயம். தார் போட்ட கரையில் முதலில் வருவது கார். கார் வந்தால் பார்க்கிங், பார்க்கிங் வந்தால் பிரியாணிக் கடை, அதன் எலும்பும் கப்பும் நேரே மதகுக்கு. கரையை அகலப்படுத்தக் கால்வாயைச் சுருக்குவார்கள். ஏரிக்கரையில் நடைபாதை போட்டு அழகுபடுத்துகிறோம் என்று தண்ணீர் வரும் வழியை அடைத்த கதை எங்கள் பக்கத்திலேயே உண்டு. நான் கேட்பது சின்னது: வேலிகாத்தானை வருஷத்துக்கு ஒருமுறை வெட்டட்டும், உடைந்த இடத்தைக் கட்டட்டும். அதை லஸ்கரின் டிவிஎஸ்ஸுக்காகவே செய்யலாம், சைக்கிள்காரன் பின்னால் ஒட்டிக்கொண்டு போய்க்கொள்வான். "அப்ப யாருக்குமே தெரியாம நாம மட்டும் போய்க்கிட்டிருக்கணுமா?" என்று கேட்கிறான். நியாயமான கேள்விதான், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போக நினைக்கிறவர்கள் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். மார்ச்சுக்கு மேல் மதகை அடைத்துவிடுவார்கள், வெயிலும் தாங்காது. வாலாஜா ரோடு வரை ரயிலில் வந்துவிடலாம். வாடகைச் சைக்கிளை நம்ப வேண்டாம், தெரிந்தவர்களிடம் இரவல் வாங்குங்கள். பஞ்சர் கிட், கைப்பம்பு, ஒரு டியூபுக்கு இரண்டாக. கால்வாய்க் கரையில் எதிரே மாட்டு வண்டி வந்தால் இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டியது நீங்கள்தான். தெற்குக் கரையில் தூசிக் கால்வாய் பிடித்து மாமண்டூர் ஏரி வரை போக நாங்கள் தை கடைசியில் தேதி குறித்திருக்கிறோம். சித்தப்பாவும் வருகிறேன் என்கிறார், மொபெட்டில்.